பதிவேட்டில் என் அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதக் கோரும் மனு

அனுப்புநர்:
ஜெனலின் திமாயுகா (வயது 17),
சிற்றாலயத்துக்குப் பின்புறம், இரண்டாம் சந்து,
பூத்திங் பாத்தோ, பாட்டாங்காஸ் மாகாணம்.

பெறுநர்:
திருமதி லூர்தஸ் மலபானான் அவர்கள்,
ஊராட்சித் தலைவர்,
ஊர் மன்றம், பூத்திங் பாத்தோ.

பொருள்: 12.01.2025 ஞாயிறு அன்று திரு. பெலிசியானோ அவர்களின் காலில் வாள் பட்டது – புகார்ப் பதிவேட்டில் தவறாக எழுதப்பட்ட பெயரைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

தலைவர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இதைத் தங்கள் முன் நின்று வாயால் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது. அதை நான் விட்டுவிட்டதால் இப்போது எழுதித் தருகிறேன்.

1. அந்த வாள் என் அண்ணன் அர்னெலுடையது அல்ல. என்னுடையது. கடந்த டிசம்பர் 28ஆம் தேதி ஜீப்னி ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய், சாலையோரக் கத்திக் கடை ஒன்றில் நானே வாங்கினேன். அது ஜப்பானில் செய்ததும் அல்ல. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, அந்த நாட்டு வாளைப் போல லேசாக வளைத்து, கறுப்பு நூல் சுற்றிய பிடி போட்டது. உண்மையான வாள் வாங்க முடியாதவர்களுக்காகச் செய்வது. மாலையில் சிற்றாலயத்து வாசலில் இறைச்சியும் குடலும் சுட்டு விற்று நான் ஏழு மாதம் சேர்த்ததில் அதை வாங்கினேன்.

2. ஒரு பெண்ணுக்கு வாள் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். ஜப்பானியர்கள் வாள் பயிலும் காணொளிகளை நான் கைபேசியில் பார்ப்பதுண்டு. அவர்கள் வணங்குவார்கள், வெட்டுவார்கள், துடைத்து உறையில் போடுவார்கள். முடியும்வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாமலே ஒருவர் மதிக்கப்படுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காரணம் இவ்வளவுதான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

3. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "யாருக்குப் பாப்பா இது? காதலனுக்கா? பரிசு குடுக்குற மாதிரி சாமானா இது?" என்று கேட்டார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். "அண்ணனுக்கு" என்று சொல்லிவிட்டேன். "அப்படிச் சொல்லு. அண்ணன் பேரு என்ன?" என்று கேட்டு ரசீதில் அர்னெல் திமாயுகா என்று எழுதினார். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வாளின் உறையோடு கிடைத்து, தங்கள் பதிவேட்டில் ஆதாரமாக ஒட்டப்பட்டிருக்கும் ரசீது அதுதான். அதில் உள்ள பெயர் என் பொய்.

4. கடைக்காரர் என்னிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். "பிடியில ஒரு மூங்கில் ஆணி இருக்கு பாரு, அதுதான் உசுரு. நம்ம ஊரு வெட்டுக்கத்தி மாதிரி இதுல அரக்கு ஊத்தி இறுக்கல. ஆணியப் பிடுங்கிட்டா பிடி தனி, வாள் தனி. அண்ணன்கிட்ட சொல்லிடு." நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் காணொளியில் ஆணியைக் கழற்றி எண்ணெய் பூசுவதைப் பார்த்து நானும் கழற்றினேன். அது கால்கள் நட்டு உயர்த்திக் கட்டிய எங்கள் வீட்டின் மூங்கில் தரை இடுக்கில் விழுந்து, அடியில் இருந்த பன்றிப் பட்டியின் சேற்றில் போய்விட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை.

5. பிறகு நான் செய்ததுதான் இத்தனைக்கும் காரணம். இறைச்சி கோக்கும் குச்சிகளில் நான்கை எடுத்து, சேர்த்து அந்தத் துளையில் அடித்து இறுக்கி, நுனியை நறுக்கிவிட்டேன். அவையும் மூங்கில்தானே என்று நினைத்தேன். நான்கு வருடமாகத் தினமும் நூறு குச்சிகள் என் கையில் போய் வருகின்றன. நெருப்பின் மேல் கறியைத் தாங்கும் குச்சி இதையும் தாங்கும் என்று நம்பினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

6. ஞாயிறு காலை அண்ணன் உறங்கிக்கொண்டிருந்தார். வீட்டின் பின்னால் குலை வெட்டிய மூன்று வாழைகள் நின்றன. எப்படியும் வெட்ட வேண்டியவை. அவர்களைப் போலவே வணங்கிவிட்டு முதல் மரத்தை வெட்டினேன். தண்டு ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சரிந்தது. நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை என்று தோன்றியது. இரண்டாவதையும் அப்படியே வெட்டினேன். மூன்றாவதற்கு வீசியபோது கை திடீரென்று லேசாகிவிட்டது. பிடி மட்டும் என்னிடம் இருந்தது. வாள் செம்பருத்தி வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

7. வேலிக்கு அப்பால், ஊரில் எல்லாரும் மாங் சானோ என்று மரியாதையாக அழைக்கும் திரு. பெலிசியானோ அவர்கள், ஆள் ஏற்றும் தம் சைட்கார் சைக்கிளுக்குச் செயின் மாட்டக் குனிந்திருந்தார். இடது கெண்டைக்காலில் பதினொரு தையல். அவர் கத்திய சத்தம் கேட்டு அண்ணன் பனியனோடு ஓடி, துண்டால் காலைக் கட்டி, அடுத்தவர் யாரும் மிதித்துவிடக் கூடாது என்று வாளைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில்தான் ஊர்க்காவலர் திரு. நெஸ்தோர் வந்தார். "என்னடா அர்னெல், கப்பலுக்குப் போறேன்னு சொல்லிட்டு சாமுராய் ஆயிட்டியா? யாருதுடா இது?" என்று கேட்டார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால், வாளில்லாத பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னுதுதான் அண்ணே. ஓங்கி வெட்டிட்டேன், கழண்டு போச்சு" என்றார். அவர் முன்பின் அந்த வாளைப் பார்த்ததே இல்லை.

8. 15ஆம் தேதி விசாரணைக்கு நானும் வந்திருந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். மாங் சானோ நொண்டிக்கொண்டு வந்து, "ஊருல எல்லார் டயருக்கும் நான்தான் பஞ்சர் ஒட்டுவேன். இப்ப எனக்கே ஒட்டிட்டாங்க" என்று சொல்லவும் அனைவரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். தாங்கள் என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா பயம்? இது பெரியவங்க சமாச்சாரம். நீ வெளிய போய் உக்காரு" என்று அன்பாகச் சொன்னீர்கள். தங்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் செய்தவற்றில் வாளை வீசியது தவறு. அந்த நிம்மதி தவறைவிடக் கேவலமானது.

9. வீட்டுக்கு வந்து, சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "நீ போய் என்னத்த சொல்லுவ? 'ஆமா'ங்கறதுக்கே உனக்கு அரை மணி நேரம் ஆகும். பேசாம கறியச் சுடு" என்றார். அன்று முதல் காலையில் மாங் சானோவின் வண்டியை அவரே ஓட்டி, வரும்படியை அவர் வீட்டில் கொடுத்து வருகிறார். 20ஆம் தேதி கப்பல் வேலைக்கான நன்னடத்தைச் சான்று வாங்க மன்றத்துக்கு வந்தார். திரும்பி வந்து, "பிரிண்டர் கெட்டுப்போச்சாம், அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்றார். நான் நம்பினேன். நேற்று மாலை மன்றத்தின் செயலாளர் அம்மா குடல் வாங்க வந்தபோதுதான், "ஆயுதத்தால காயம்னு பதிவாயிருக்கே, எப்படிச் சான்று குடுக்கிறது? பாவம் பையன். கப்பல்காரன் காத்துக்கிட்டா இருப்பான், இன்னொருத்தன ஏத்திக்குவான்" என்றார்கள். பக்கத்தில் நின்றவர், "சாமுராய்க்குக் கப்பல் எதுக்கு, நீந்தியே போவாரு" என்று சிரித்தார். நான் அவருக்கும் கறியைக் கட்டிக் கொடுத்தேன்.

10. அண்ணன் கடல் படிப்பு முடிக்க எங்கள் அம்மா ஆறு வருடமாகக் குவைத்தில் அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிறார். அவர் விமானம் இறங்கி வர வேண்டும் என்றால் அண்ணன் கப்பல் ஏற வேண்டும். ஏஜென்சியில் சான்றைக் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 31.

11. எனவே தாங்கள் பின்வருவனவற்றைச் செய்து தர வேண்டுகிறேன். பதிவேட்டில் என் அண்ணன் பெயரை நீக்கி, வாளை வாங்கியவரும் வீசியவரும் ஜெனலின் திமாயுகா என்று எழுத வேண்டும். ரசீதின் கீழ் அந்தப் பெயர் பொய்யாகக் கொடுக்கப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். அண்ணனுக்கு 31ஆம் தேதிக்கு முன் சான்று வழங்க வேண்டும். எனக்கு என்ன தண்டனை என்று தாங்களும் மாங் சானோவும் முடிவு செய்தால் போதும். எனக்கு வயது குறைவு என்பதால் விட்டுவிட வேண்டாம். இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், நான்தான் என்று சொல்லிவிட்டேன். "அப்ப உங்க அண்ணன் ஏன் தினமும் என் வண்டிய ஓட்டுறான்?" என்று கேட்டார். வேண்டுமானால் மாங் சானோவைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

12. இந்த மனுவைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஓடி வந்து, தங்கச்சி என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார். நன்றாகவும் பேசுவார். பள்ளியிலும் மருத்துவமனையிலும் எனக்காகப் பேசியவர் அவர்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனுவைக் கொடுத்துவிட்டு மன்றத்து வெளிப் பெஞ்சில் காத்திருப்பேன். தாங்கள் கூப்பிட்டால் உள்ளே வந்து, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளவும். அந்த நேரத்தில் தயவுசெய்து அண்ணனை உடன் அழைக்க வேண்டாம். அவர் பக்கத்தில் நின்றால் நான் மறுபடியும் பேசாமல் இருந்துவிடுவேன்.

இடம்: பூத்திங் பாத்தோ
நாள்: 23.01.2025

இப்படிக்கு, வாளுக்கு உரியவள்,
(கையொப்பம்)
ஜெனலின் திமாயுகா