உங்க டீம்

அன்புள்ள பெரியவனுக்கு,

'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். "நாம சாப்பிடுவோம்னா உனக்கும் சோறு உண்டு, நாங்க சாப்பிடுவோம்னா கிடையாது" என்றேன்.

உன் தம்பி முத்தரசு ஆடும் செக்காலை அணி ஜெயித்த போதெல்லாம் சென்னையிலிருந்து போன் போட்டு, "கப்பு நமக்குத்தாம்மா" என்றாய். கடைசி ஆட்டத்தில் டிரா செய்தாலே போதும். கோல்கீப்பரான உன் தம்பியின் கையிலிருந்து பந்து நழுவிக் கோலாகிவிட்டது. உடனே, "என்னம்மா, உங்க டீம் கோட்டை விட்டுட்டாகளாமே" என்று சிரித்தாய். ஸ்பீக்கரில் அதைக் கேட்ட முத்தரசு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். அதன்பிறகு பயிற்சிக்கே போகவில்லை.

ஜெயிக்கும்வரை கூட நின்றுவிட்டு, தோற்றதும் ஒதுங்கிக்கொள்ள உனக்கு எப்படி மனசு வந்தது? எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவனுக்கு அறிவுரை எதுவும் சொல்லாதே. போன் போட்டு, "தோத்துட்டோமேடா" என்று மட்டும் சொல்லிப் பார்.

அம்மா