இடது கால் பாணி

ஃபாரஸ்ட் கேட், இலண்டன்
12.10.1986

என் அன்புக் கோதைக்கு,

நலம்தானே? நீ கல்யாணமாகி மெட்ராஸ் போய் இரண்டு வருடத்தில், இங்கே இங்கிலாந்தில் நாம் படித்த கல்லூரியை இழுத்து மூடிவிட்டார்கள். பரீட்சையும் இல்லை, மணியும் இல்லை, கணக்கு வாத்தியாரும் சமையல்காரியும் ஒன்றாகத் தரையில் உருண்டு ஆடலாம் என்றால் அது எத்தனை நாள் ஓடும்? கடைசி வருடம் நவீன நடனம் கற்பித்தது நான்தான். கல்லூரியோடு என் விசாவும் போக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுகிறது. திரும்பிப் போக வழியில்லை.

இங்கே தமிழர் சங்கத் தலைவர் தியாகராஜா அண்ணை நல்ல மனிதர். சங்கத்துக்கு நடன ஆசிரியை தேவை என்று எழுதி, வேலை அனுமதி எடுத்துத் தந்தார். தாள் கைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், "பரதநாட்டிய ஆசிரியை" என்று இருந்தது. கேட்டதற்கு, "டான்ஸ் எண்டால் பரதம்தானே தங்கச்சி, வேற என்ன கிடக்கு?" என்றார். எனக்குப் பரதம் தெரியாது என்ற உண்மையைச் சொன்னால் அனுமதி போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

நானோ கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி. நடராஜர் முன்னால் எப்படி நிற்பது என்றுகூடத் தெரியாது. சனிக்கிழமைதோறும் நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். கல்லூரியில் பாத்திரம் கழுவிக்கொண்டே நீ விளையாட்டாக ஆடிக் காட்டிய தட்டடவு மட்டும்தான் என் கைவசம். நான்கு வருடம் இந்த வேலையில் நின்றால் நிரந்தர விசா கிடைக்கும். அதுவரை ஒவ்வொரு அடவாக வரைந்து அனுப்படி. அதன் பிறகு என் ஆட்டத்தை ஆடுவேன்.

உன்
பியற்றிஸ்

மந்தைவெளி, மெட்ராஸ்
3.11.1986

அடி பியா,

ஆறு வயதிலிருந்து அம்மாவிடம் அடி வாங்கிக் கற்ற பரதத்தைத் தலைமுழுகிவிட்டு அந்தக் கல்லூரிக்கு ஓடி வந்தவள் நான். என்னிடம் வந்து அதையே கேட்கிறாய். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

நாட்டடவு எட்டும் வரைந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் கையும் காலுமாகப் போடுவதைப் பார்த்து இவர், "எலும்பு டாக்டருக்குப் படிக்கறியா?" என்றார். பாங்கிலிருந்து வந்து, சமையல் முடித்து, வரைய உட்காரும் அரைமணி நேரம்தான் எனக்கென்று இருக்கிறது. அதனால் நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்.

ஒன்று மட்டும் கேள். முழங்காலை விரித்து இடுப்பை இறக்கி நிற்கும் அந்த அரைமண்டி தொடையில் ஏறினால் லேசில் இறங்காது. காலையில் உன் ஆட்டத்தைக் கொஞ்ச நேரமாவது ஆடு. விட்டுவிடாதே.

கோதை

ஃபாரஸ்ட் கேட்
20.3.1988

கோதை,

மோசம் போனேன். நீ வரைந்த பெண் என்னைப் பார்த்து நிற்கிறாள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே ஆடிப் பழகிவிட்டேன். ஒன்றரை வருடமாக என் பிள்ளைகள் எல்லோரும் இடது காலில் தொடங்குகிறார்கள்.

ஊரில் முறையாகப் பரதம் படித்த தவநாயகி என்ற தாய் ஒருத்தி போன சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ரீச்சர், வலது காலிலயெல்லோ தொடங்கிறது?"

"ஓம், பொதுவா அப்பிடித்தான். இது எங்கட கல்லூரிப் பாணி" என்றேன். நாக்கு எப்படிப் புரண்டதென்றே தெரியவில்லை.

அவள் நம்பியதோடு நிற்கவில்லை. வெம்பிளி முதல் லூயிஷாம் வரை இலண்டன் முழுக்க அதைப் பரப்பிவிட்டாள். அந்த அபூர்வப் பாணியைப் படிக்க இரண்டு ரயில் மாறிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். இப்போது ஞாயிறும் வகுப்பு. திருத்தினால் குட்டு வெளிப்படும், திருத்தாவிட்டால் பொய் வளரும். காலையில் என் ஆட்டம் ஆடி நாலு மாதமாகிறது. மூச்சு முட்டுகிறது, கோதை. இன்னும் இரண்டு வருடம் ஏழு மாதம் இருக்கிறது.

பியற்றிஸ்

மந்தைவெளி
2.11.1990

என் தங்கமே,

நிரந்தர விசா கிடைத்ததென்று படித்ததும் பாங்கிலேயே அழுதுவிட்டேன். நவீன நடனத்துக்கு ஆள் தேடுவதாக நீ எழுதியிருந்த அந்தப் பள்ளியின் நேர்முகத்துக்குக் கட்டாயம் போ. தியாகராஜா வருத்தப்பட்டால் படட்டும். நாலு வருடம் உழைத்துக் கொடுத்தாய், போதும்.

இனி நான் படம் வரைய வேண்டாம். வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. நம் இருவரில் ஒருத்தியாவது வெளியே போகிறாள், அது எனக்குப் போதும்.

கோதை

ஃபாரஸ்ட் கேட்
25.11.1990

அன்புக் கோதைக்கு,

போனேன். மூன்று பேர் இருந்தார்கள். உங்கள் மனதில் தோன்றுவதை ஆடுங்கள் என்றார்கள். வெறுங்காலோடு நடுவில் நின்றேன். கல்லூரியில் இப்படி நின்றால் உடம்பு தானாகவே எங்காவது புறப்படும் அல்லவா? நின்றுகொண்டே இருந்தேன், ஒன்றும் வரவில்லை. பிறகு முழங்கால்கள் விரிந்தன. இடுப்பு இறங்கியது. கைகள் மார்புக்கு நேரே வந்து நின்றன. நிறுத்த வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. நிறுத்தினால் ஆட வேறு எதுவும் என்னிடம் இல்லை. நாட்டடவு எட்டையும் ஆடி முடித்தேன்.

கை தட்டினார்கள். நவீன நடனத்துக்கு ஆட்கள் கிடைப்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் வேண்டும் என்றார் தலைமை ஆசிரியை. இந்திய நடன ஆசிரியை என்று அப்போதே தாளை மாற்றி எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

புறப்படும்போது அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, இதை எந்த வயதில் கற்கத் தொடங்கினீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். என்னை நாடு கடத்த இப்போது யாராலும் முடியாது. உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

ஆறு வயதில் என்றேன்.

பியற்றிஸ்