வாய்க்காலுக்குள் ஒரு விசிறி

14.6.2004
காலை பேப்பரில் ஒரு படம். இங்கிலாந்துப் பக்கம் கடலுக்கடியில் பெரிய விசிறி வைத்திருக்கிறார்கள். நீரோட்டம் அதைச் சுற்ற, மின்சாரம் வருகிறதாம். அணை வேண்டாம். கடல் ஏறுவதும் இறங்குவதும் பஸ் நேரம் போல முன்கூட்டியே தெரியும். என் மனைவி ஜானகிக்கு விளக்கினேன்: வெள்ளாற்றில் தொடையளவு தண்ணீர் ஆளையே சாய்த்துவிடும், அதே வேகத்தில் வரும் காற்று வேட்டி நுனியைத்தான் ஆட்டும்.
“பாடம் முடிஞ்சுதுல்ல, மொகம் ஏன் இப்படிக் கெடக்கு?” என்றாள்.

15.6.2004
1979. தா.பழூரில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வாய்க்கால். நான் அறிவியல், அப்துல் நாசர் கைத்தொழில் ஆசிரியர். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால்தான் மின்சாரம் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். நாசர்தான், “விழ வேணாம் சார், ஓடுனா போதும். விசிறிய முழுசா முக்கிப் பாப்போம்” என்றார். தகர இறக்கைகளை அவரே வெட்டினார். டைனமோ, வாய்க்காலுக்கு மேலே குறுக்கே போட்ட பலகையில். அங்கிருந்து தண்ணீருக்குள் சைக்கிள் செயின். பல்பு எரிந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வயல் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. எவ்வளவு சின்ன வெளிச்சம்! இன்னும் கண்ணில் நிற்கிறது.

16.6.2004
நேற்று எழுதாமல் விட்டது — திருச்சி அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பிய அட்டையில் ‘உருவாக்கியவர்’ என்று ஒரே ஒரு கோடு. அதில் என் பெயரை எழுதினேன். அவர் தற்காலிக ஆசிரியர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிசு வருவதற்குள் நாசர் சவுதிக்குப் போய்விட்டார். சான்றிதழ் இருபத்தைந்து வருடமாக என் வீட்டுச் சுவரில்.

20.6.2004
நாசரிடமிருந்து போன்! ஊர் திரும்பி லப்பைகுடிக்காட்டில் இருக்கிறார். அதே செய்தியைப் படித்திருக்கிறார். “நாங்க அப்பவே செஞ்சோம்னா என் மவ இன்ஷா சிரிக்கிறா சார். பரிசு கெடச்சுதுன்னு அப்பவே கேள்விப்பட்டேன், அந்த சர்டிபிகேட்ட எடுத்துட்டு வாங்க. நம்ம ரெண்டு பேரு பேரையும் காட்டிடுவோம்.”
ஜானகி யோசனை சொன்னாள்: “கரையான் அரிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்களேன்.”

22.6.2004
சொல்லிடலாமா?

27.6.2004
சான்றிதழோடு போனேன். நாசர் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.
“என் பேரு எங்க சார்?”
“நான் எழுதல நாசர்.”
அவர் மனைவி சாகிரா வைத்த டீ ஆறிப்போனது. யோசனை யாருடையது, இறக்கை யார் வெட்டியது, எல்லாம் இன்ஷாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சான்றிதழின் கீழே அதை எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கையெழுத்துப் போட்டு அங்கேயே வைத்துவிட்டேன்.
பஸ் ஏற்றிவிட நாசர் வரவில்லை.

5.8.2004
சுவரில் சதுரமாக வெளுத்த இடம். காலண்டர் மாட்டவா என்றாள் ஜானகி. வேண்டாம் என்றேன். நாசரிடமிருந்து போன் இல்லை.

19.11.2004
மழை விட்டது. சாயங்காலம் நாசர் பேசினார். நலம்கூட விசாரிக்கவில்லை. “வெள்ளம் வடிஞ்சு ஆத்துல தண்ணி நெதானமா ஓடுது சார். பழைய சைக்கிள் ஒண்ணு கெடக்கு. தகரம் வெட்டிட்டேன். டைனமோ உங்கட்டதானே இருக்கு?”
பரணில் தேடி எடுத்தேன். துருதான். எண்ணெய் விட்டதும் சுற்றுகிறது.
காலை ஏழரை பஸ்.