நான் அடித்த நாலு வரி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே உன் உடம்போடு மனசும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. அக்கா மகள் முன்பல் விழுந்த வாயைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாள்.

வியாழக்கிழமை இன்னொரு பள்ளியில் நேர்காணல் இருந்தும் போகப்போவதில்லை என்று அக்காவிடம் சொன்னாயாம். வாத்தியார் வேலையே எனக்கு வராது என்றாயாம். அதற்குக் காரணம் நான்தான் தம்பி. போன நேர்காணலுக்கு முன், எப்படிக் கற்பிப்பாய் என்று கேட்டால் சொல்வதற்காக நீ எழுதி அனுப்பிய தாளை, முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்த பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். பிள்ளையைப் பலகையில் கணக்குப் போடவிட்டு, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புரியாதவனாகக் கேள்வி கேட்பேன் என்று நீ எழுதியிருந்த நாலு வரியையும் அடித்து, வகுப்பு கட்டுக்கடங்காது என்று ஓரத்தில் குறித்து, என் கதையைச் சேர்த்தேன். பின்னக் கணக்கில் தடுமாறிய சிறுமிக்குக் காகிதம் மடித்துப் புரியவைத்த கதை. நீயும் அம்மா பேச்சைத் தட்டாமல் உன் கதையாகவே ஒப்பித்திருக்கிறாய். அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்று தலைமையாசிரியை கேட்டதும் வாயடைத்துப் போயிருக்கிறாய்.

உனக்கு எப்படித் தெரியும், நான் சொன்னால்தானே. அவளுக்கு நான் காகிதம் மடிக்கவே இல்லை. அவள் தாள் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டேன், அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை, நானும் தேடிப் போகவில்லை. மடித்துக் காட்டியது அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு. அவளுக்கே செய்ததாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "மகன் எழுதியதை அம்மா படிக்கவே இல்லையே, டீச்சர்தானே படித்தார்" என்றார். வழக்கம்போலக் கிண்டல்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போய்விட்டு வா தம்பி. என்ன சொல்லவேண்டும் என்று தொண்டை வரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். உன் நாலு வரியையும் ஒரு சொல் மாற்றாமல் வேறு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நீ கடைசி பெஞ்சிலிருந்து கேட்கும்போது பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள்? எனக்கு நிஜமாகவே தெரியாது. நேர்காணலில் சொல்லிவிட்டு எனக்கும் எழுது.

நீ எடுத்துவைக்கும் அடியெல்லாம் நல்லதாக அமையட்டும். காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே.

கடைசி பெஞ்சில் காத்திருக்கும்
உன் அம்மா