லில்லியின் வசனம்

1944 அக்டோபர் 9, திங்கள். இராஜபாளையம்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். மலை முழுக்க மேகத்துக்குள். மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். குடைக்குக் கம்பி போட வேண்டும்.

லில்லிக்கு இன்றும் காய்ச்சல் இறங்கவில்லை. அவள் அம்மா எஸ்தர் பார்லித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், பாதி வெளியே வந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை, தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை.

மில்லில் இன்று ஒரு காரியம் நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, அதனால் இங்கே.

மதியச் சங்கு ஊதுகிற நேரம். டைம் ஆபீஸில் நான் மட்டும். சங்குக் கம்பியில் கை, கடிகாரத்தில் கண். இத்தனை வருஷமும் இதே உத்தியோகம்தான். அப்போது நேரம் என்பதே இல்லாமல் போய்விட்டது. நின்றுவிட்டது என்று எழுதினால் பொய். முள் நகர்ந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இனி வர வேண்டியது என்று ஒன்றும் இல்லை. போய்விட்டது என்றும் ஒன்றும் இல்லை. எல்லாம் இருந்தது. ஆண்டவர் இருந்தார். உருவம் கிடையாது, சத்தம் கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி பறந்தது, அவ்வளவுதான்.

சாமுவேல் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பேதியில் போன என் மகன். நினைப்பில் வருகிற மாதிரி இல்லை. இருந்தான்.

அவன் பக்கத்தில் லில்லியும் இருந்தாள்.

அதில்தான் பயம் பிடித்தது. செத்தவனும் காய்ச்சலில் கிடக்கிறவளும் ஒரே இடத்தில், ஒரு வித்தியாசமும் இல்லாமல்.

மேஸ்திரி வெங்கட்ராஜு வந்து தோளை உலுக்கியபிறகுதான் கம்பியை இழுத்தேன். சங்கு தாமதம். நின்றுகொண்டே தூங்குகிறீரா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆமாம், தூங்கிவிட்டேன் என்றேன். அப்படியே இருக்கட்டும்.

அக். 10, செவ்வாய்

மூட்டம். தூறல் விழுந்து நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் கிடைத்தது, பாதிப் போத்தல்தான். யுத்தம் முடியட்டும் என்கிறார் கடைக்காரர், என்னவோ நான் நடத்துகிற யுத்தம் மாதிரி.

காகிதமும் கிடைக்கவில்லை. இனி எஸ்தர் = எஸ்.

டாக்டர் வந்து பார்த்தார். டைபாய்டுதான். இந்த வாரம் தாண்ட வேண்டும் என்றார். தாண்டாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த மருந்து இங்கே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைக்குமாம். நாளை போக வேண்டும்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா மிளகு ரசம் கொண்டுவந்தாள். "ஏமி காதம்மா, ஒண்ணும் ஆவாது" என்று எஸ்.-இன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல மனுஷி. ரசத்தில் உப்பு அதிகம்.

விளக்கு வைத்ததும் ஜெபம். கடைக்குட்டியில் தொடங்கி ஆளுக்கு ஒரு வசனம் பார்க்காமல் சொல்லுவது எங்கள் வீட்டு வழக்கம். சாமுவேல் போனபிறகு அவன் முறையை விட்டுவிடலாம் என்றேன். எஸ். விடவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், வேதத்திலேயே குட்டி வசனம், ஆண்டவர் அழுததைச் சொல்லுவது. லில்லிதான் தம்பிக்காக முதலில் அதைச் சொல்லுவாள். பிறகு தன்னுடையது, உதவி வருகிற மலைகளைப் பார்க்கிற சங்கீதம். மலை என்றால் நம்ம ஐயனார் கோயில் மலைதான் என்று அவளுடைய தீர்மானம். மழையும் ஆறும் அங்கிருந்துதானே வருகிறது, அப்படியானால் உதவியும் அங்கிருந்துதான் வரும் என்பாள். திருத்தியும் பார்த்தாயிற்று. கேட்கிற பிள்ளையா.

காய்ச்சல் வந்த நாளிலிருந்து சாமுவேல் முறையிலும் லில்லி முறையிலும் மௌனம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு எஸ். தன்னுடையதைத் தொடங்குகிறாள். அந்த மௌனத்தில் எனக்கு வியர்க்கிறது.

நேற்று வந்தது மறுபடி வந்துவிடுமோ என்று பயம். லில்லி பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது.

அக். 11, புதன்

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ். மம்சாபுரம் விலக்கில் நின்றுவிட்டது, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். வேட்டியெல்லாம் கரி. பின்னால் நின்றிருந்த ஒருவர் "காசும் குடுத்துப் பஸ்ஸையும் நாமளே கொண்டு போயிச் சேக்கணும்" என்றார். சிரித்தேன். சிரித்தபிறகு லில்லி ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது.

மருந்து கிடைத்தது.

திரும்பும் வழியில் சபைக் கோயில் பக்கம் போய்க் குருவானவரைப் பார்த்தேன். புதிதாக வந்தவர், என்னைவிட ரொம்பச் சின்னவர். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் வீட்டுக் கிணற்றடியில் நின்று கைகால் கழுவி, மறுபடியும் கழுவி, பிறகு சொன்னேன். கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் கூச்சல் போட்டு விழுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடக் கூடாது.

பித்தமாக இருக்குமோ, ராத்திரி கண்விழிப்போ என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். நித்தியம் என்றால் செத்தபிறகுதானே, உத்தியோகத்தில் இருக்கிறவனுக்கு மத்தியானத்தில் எதற்கு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. செத்தபிறகு தொடங்குவது என்று நாம்தான் சுலபத்துக்காகச் சொல்லிவைத்திருக்கிறோம், அதற்குத் தொடக்கம் ஏது என்றார். பழைய பக்தர்கள் சிலர் இப்படி எழுதியிருக்கிறார்களாம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சந்தோஷமா இருந்துச்சா, பயமா இருந்துச்சா?"

"பயம்தான்யா."

"எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல" என்றார். கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் அலுத்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாய்வரை வந்தது.

லில்லி அங்கே இருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நிசமாகிவிடும்.

அக். 12, வியாழன்

இடி, மழை. மேற்குச் சுவர் ஓதம்.

மருந்து கொடுத்தும் காய்ச்சல் அப்படியே. பிதற்றுகிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேரையெல்லாம் கூப்பிடுகிறாள். இடையில் ஒருதரம் "ஏலே சாமு, தள்ளிப் படு" என்றாள். எஸ். எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டாள்.

மில்லில் கடிகாரத்தை நேராகப் பார்க்கவில்லை. ஓரக் கண்ணால் பார்த்துக் கம்பியை இழுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாய்ப்பாடு சொன்னேன். பக்தியுள்ள குடும்பத்துப் பிள்ளை, ஆண்டவர் வந்துவிடக் கூடாதே என்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நிற்கிறேன். யாராவது கேட்டால் சிரிப்பார்கள்.

வந்துவிட்டது. மில்லில் இல்லை, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது. வாளி பாதியில். முன்னைவிட அமைதி. அங்கே அழுகை கிடையாது, அதுதான் பயங்கரம். லில்லி இருந்தாள், சாமு இருந்தான், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு குறையும்! பிள்ளை உள்ளே பிதற்றிக்கொண்டு கிடக்கிறாள், தகப்பன் கிணற்றடியில் குறையில்லாமல் நிற்கிறான். திரும்பி வந்ததும் கயிற்றோடு வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன்.

இதற்கு ஆசைப்பட்டுவிடுவேனோ என்றும் பயம். இதையும் எழுதிவைக்கிறேன்.

பாதாளக் கொலுசு இரவல் கேட்க வேண்டும், வாளி எடுக்க.

அக். 13, வெள்ளி

மழை விடவில்லை. வாளி எடுத்தாயிற்று.

இன்று ஜெபத்தில் செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன். அந்த மௌனம் தாங்கவில்லை. சாமுவின் வசனத்தையாவது நானே சொல்லிவிடுவோம் என்று தொடங்கினேன். சொல்லி முடித்தேன். வாய் நிற்கவில்லை. லில்லியின் சங்கீதத்தையும் சொல்லிக்கொண்டே போய்விட்டேன், கடைசிச் சொல் வரைக்கும். முடித்தபிறகுதான் உறைத்தது.

எஸ். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிப் பார்த்துக் கண்டதில்லை.

"செத்துப்போன பிள்ளைக்குத்தான் நம்ம வீட்ல இன்னொருத்தர் சொல்லுவோம். என்னத்தத் தெரிஞ்சுகிட்டு இவ வசனத்தச் சொன்னிய?"

தெரியாமல் வந்துவிட்டது என்றேன். அவள் விடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் நீங்களாக இல்லை, பிள்ளை பக்கத்தில் வர மாட்டேன் என்கிறீர்கள், ஏன் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். சங்கு, கிணற்றடி, எல்லாம். லில்லியையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது லில்லியின் கால் பாயில் லேசாக அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

எஸ். விளக்குத் திரியைத் தூண்டினாள். பிறகு சாமு எப்படி இருந்தான் என்று கேட்டாள். நல்லா இருந்தான் என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கேட்டாள்: "நான் இருந்தேனா?"

அதுவரை நான் யோசிக்கவே இல்லை. இருந்தாள். ஆமாம், அங்கேதான் இருந்தாள்.

"நீங்க?"

நானும். வெங்கட்ராஜு மேஸ்திரிகூட.

"அப்ப நாம எல்லாரும் செத்தா போயிட்டோம்?" என்றாள். "உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் முன்ன பின்ன வேணும். அங்க அது இல்லன்னு நீங்கதான சொல்லுதிய. பொறவு என்ன இழவுக்கு என் பிள்ளையக் கணக்குல சேத்திய?"

விளக்கை எடுத்துக்கொண்டு லில்லி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. அங்கே லில்லி இருந்தது சாவுக்குக் குறி ஒன்றும் இல்லை. ஆனால் குறி இல்லை என்றால் பிழைப்பாள் என்பதற்கும் அது குறி இல்லை. நாளைக்கு என்ன என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் செய்யாது. நித்தியத்தைக் காட்டினவர் நாளைக் காலையைக் காட்டவில்லை. பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அக். 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. நேற்று எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை.

காலையில் லில்லிக்குக் கைகால் சில்லிட்டுவிட்டது. நாடி இழை மாதிரி. டாக்டர் வந்து ஊசி போட்டார். செங்கலைச் சுட்டுத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தோம். லட்சுமம்மா தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். எஸ். ஒரு காலையும் நான் ஒரு காலையும் தேய்த்துக்கொண்டே இருந்தோம்.

ஓடவில்லை இன்று. வந்தால் வரட்டும் என்று பக்கத்திலேயே இருந்தேன். வரவில்லை. வேண்டாத நேரத்தில் வந்தது, கூப்பிட்டால் வரவில்லை. ஆண்டவரே, அங்கே இருக்கிற லில்லி எனக்கு வேண்டாம். இந்தப் பாயில் கிடக்கிறவள் வேண்டும். முடி கொட்டி, உதடு வெடித்து, நாற்றமடிக்கிற இவள். இது பாவமானால் பாவமாகட்டும்.

ஜெபம் இல்லை.

அக். 16, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. சங்கை வெங்கட்ராஜுவே ஊதியிருக்கிறார். வேலை விட்டு வாசல்வரை வந்து, கேட்டுவிட்டு, உள்ளே வராமல் போனார்.

காய்ச்சல் குறைந்த மாதிரி. சொல்லப் பயம். எஸ். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள், என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. நானும் வைத்துப் பார்க்கிறேன், அவளிடம் சொல்வதில்லை.

அக். 17, செவ்வாய்

வெயில். மலை பளிச்சென்று தெரிகிறது. அருவி இறங்குகிற கோடுகூடத் தெரிகிறது.

லில்லி வேர்த்துக் கொட்டினாள், மூன்று பாவாடை மாற்றினோம். டாக்டர் பார்த்தார். இறங்குகிறது, ஆனாலும் இப்போது நம்ப வேண்டாம், திரும்பக்கூடும் என்றார். கஞ்சித் தெளிவு ஒரு கரண்டி உள்ளே போய் நின்றது.

விளக்கு வைத்ததும் உட்கார்ந்தோம். மௌனம். எஸ். என்னைப் பார்த்தாள். சாமுவின் வசனம் மட்டும்தானே, அதற்கு மேல் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"அது நான் சொல்லுததுப்பா."

பாயிலிருந்து. குரல் என்று சொல்ல முடியாது, காற்று மாதிரி. கண்ணைத் திறக்கவில்லை. தம்பியின் வசனத்தைச் சொன்னாள். மூச்சு வாங்கினாள். பிறகு தன்னுடையதைத் தொடங்கினாள். மலை வரைக்கும் வந்தது. அதற்குள் களைத்துத் தூங்கிவிட்டாள். வாய் திறந்தபடி, மார்பு ஏறி இறங்கிக்கொண்டு.

அப்போது அது வந்தது. நாலு பேரும் இருந்தோம். பயந்தேன். ஆனால் வாய்ப்பாடு சொல்லவில்லை. அங்கேயும் இருந்தேன், இங்கே அவள் மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மிச்ச வசனம் நாக்கு நுனியில் நின்றது. எஸ். என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. லில்லியின் முறை, அவள்தான் முடிக்க வேண்டும்.

ஜெபம் பாதியில் நிற்கிறது. ஆமென் சொல்லவில்லை.