குட்டை மூக்குக்கு ஓர் இன்ஜின்

பிப்ரவரி 9

இல்லை, கனம் இதில் குறையே அல்ல. கையால் செய்து பறக்கவிடும் சிறு விமானத்துக்கு 1949-இல் போட்ட வரைபடம். இந்த மாதிரி விமானத்துக்கு இவ்வளவு குட்டை மூக்கு வரைந்தவர் கனமான இன்ஜினை மனதில் வைத்துத்தான் வரைந்திருக்கிறார். இன்றைய இலேசான இன்ஜினைப் போட்டால் எடை சமமாக மூக்கில் ஈயம் ஒட்ட வேண்டும். அதற்கு இன்ஜினே கனமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கிளைவ் சிரித்தான். "அப்பப் பழைய டீசல் இன்ஜினே போடு ஹெஸ்டர். நீ பாத்து எடுத்தா சரி."

உடல் என் வேலை, இறக்கை அவனுடையது. நாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். சேர்ந்து செய்யும் முதல் பொருள் இது.

பிப்ரவரி 20

லிங்கன் ஊரில் பழைய சாமான் சந்தையில் இன்ஜின் கிடைத்தது. ஒன்றரை சிசி. உள்ளே ஆமணக்கெண்ணெய் பிசினாக இறுகி, சுழலவே இல்லை. சமையலறை ஓவனில் மிதமான சூட்டில் வைத்தேன். வீடெங்கும் நாற்றம். கிளைவ் ஜன்னலைத் திறந்தான்.

மார்ச் 3

சுழல்கிறது.

மார்ச் 17

கொல்லையில் பலகையில் பொருத்தி ஓட்டினேன். மேல் திருகைக் கால் சுற்று இறுக்கினால் குரலே மாறுகிறது. தலைமுடியில் எரிபொருளின் ஈதர் வாசனை. விசிறி அடித்து விரல் வீங்கிவிட்டது. கிளைவ் ஐஸ் வைத்துப் பிடித்திருந்தான்.

ஏப்ரல் 6

எங்கள் விமானக் கிளப் ஆட்களுக்குக் காட்ட, பறக்கவிடும் மைதானத்துக்கு இன்ஜினைக் கொண்டுபோனேன். டீ ஊற்றும் டோரீன் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதென்ன கூத்தும்மா? இன்ஜின் கூடாது, பேட்டரி மோட்டார் மட்டுந்தான்னு ஓட்டுப் போட்டதும் நீ, இன்ஜினத் தூக்கிட்டு வர்றதும் நீ!"

"நான் எப்பப் போட்டேன்?"

"ஜனவரிக் கூட்டத்துல. நீ காய்ச்சல்னு படுத்திருந்த. நீ எழுதிக் குடுத்த சீட்டக் காட்டி உங்காளு உனக்கும் சேத்துக் கை தூக்குனானே. ஆறுக்கு அஞ்சு. மைதானத்துக்குப் பக்கத்துக் குதிரை லாயத்துக்காரி சத்தம் தாங்கலன்னு ஒத்தக் கால்ல நின்னாளே, தெரியாதா?"

அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நான்தான் கொடுத்தேன். எதற்கு ஓட்டெடுப்பு என்று கேட்கவில்லை.

வீட்டில் கிளைவைக் கேட்டேன் —

"மைதானமே போயிரும்னாங்க. அதான்."

"அதச் சொல்ல மூணு மாசமா?"

"நீ அவ்ளோ ஆசையா இன்ஜின் தேடிட்டிருந்த. மனசு வரல."

தேட விட்டான். சந்தைக்குக் காரோட்டினான். ஐஸ் வைத்தான். எல்லாம் தெரிந்தே.

ஏப்ரல் 7

ஜனவரியில் அன்று கூட்டம் முடிந்து வந்து சூப் சுடவைத்துக் கொடுத்தான். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "வழக்கம்போலதான்" என்றான். நான் குடித்தேன்.

கேட்டிருந்தால் நானே கை தூக்கியிருப்பேனோ? இருக்கலாம். கேட்டிருக்கலாமே, பாவி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ஏப்ரல் 9

சமாதானமாம். மூக்கை அறுத்து மோட்டார் வைத்துத் தருகிறானாம். "ஒரு மணி நேர வேலைதான்."

இன்ஜின் உட்காரும் கட்டைகள் உடலுக்குள் பாதி தூரம் ஓடுகின்றன. அறுத்தால் திரும்ப ஒட்டாது.

"தொடாத" என்றேன். ரம்பத்தைக் கீழே வைத்தான்.

ஏப்ரல் 14

இறக்கையைப் பிடித்திருந்த ரப்பர் வளையங்களைக் கழற்றி, இறக்கையை அவன் மேஜைமேல் வைத்தேன். உடல், இன்ஜின், வரைபடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் பறக்கவிட இடம் இருக்கிறதா, தெரியவில்லை. மதியம் இலேசான பால்சா மரப் பலகை வாங்கினேன். புது இறக்கைக்கு இருபத்திரண்டு விலாச் சட்டம் வேண்டும். நாலு வெட்டினேன்.