கேஸ் நம்பர் கேட்டவளுக்கு

இன்று காலை செங்காங்கிலிருந்து வரும்போது, ரயிலில் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் நீ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் அதே தைல வாசனை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இன்றைக்குப் பார்த்தா உன் நினைப்பு வரவேண்டும்? நம் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரர்களுக்கு இன்று நேர்மையைப் பற்றி வகுப்பு. எடுப்பவள் நான்.

என் தங்கைக்குச் சுவா சூ காங்கிலிருந்து வரன் வந்தபோது அம்மா என்னைப் பிடுங்கி எடுத்தார். "போலீஸ்ல இருந்து என்ன பிரயோசனம்? மாப்பிள்ளை மேல கேஸ் ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்ல முடியாதா?" மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது நம் வழக்கம்தானே. அந்த நாலு இடத்தில் நம் அலுவலகக் கம்ப்யூட்டரையும் நான் சேர்த்துக்கொண்டேன். என் லாகினில் தேடினால் பின்னால் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் உன்னிடம் வந்தேன். ரோந்து முடிந்து தேக்கா மார்க்கெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"கேஸ் நம்பர் என்ன?" என்றாய்.

"கேஸ் இல்லடி. என் தங்கச்சிக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை."

"அப்போ முடியாதுலா. அவர்கிட்டயே நேரா கேப்போம். நானும் கூட வர்றேன்."

பெரிய நியாயஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேராகப் போய்க் கேட்கும் தைரியமும் வரவில்லை. பக்கத்து மேசைக் குமரனிடம் கேட்டேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. "ஒண்ணும் இல்லக்கா, க்ளீன்" என்றான். தங்கை கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறக்கூடச் செய்தான்.

அடுத்த ஆண்டு தணிக்கையில் அந்தத் தேடல் மாட்டிக்கொண்டது. யாருக்காகப் பார்த்தாய் என்று குமரனைத் துருவித் துருவிக் கேட்டார்கள். சும்மா பார்த்தேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு வேலையை இழந்தான். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

நீ மட்டும் வந்து கேட்டாய். "கேட்டது நீதானே?"

"இல்லை" என்றேன். பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி ஊட்டிய நாட்களிலும் எடுக்கவில்லை. அதில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தெரியும்.

இன்று வகுப்பில் பெயரைச் சொல்லாமல் குமரனின் கதையைச் சொன்னேன். வருடா வருடம் சொல்லும் கதைதான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், அவரைப் பாக்கச் சொன்னது யாரு?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"அது விசாரணையில வெளிவரல" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. அதுதான் அசிங்கம். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அதையும் குறித்துக்கொண்டாள்.

உனக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். மேலதிகாரிக்கு எழுதவேண்டியது இரண்டே வரி. வகுப்பு முடிந்ததிலிருந்து அந்தத் தாள் எதிரில் கிடக்கிறது. தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.